சம்பந்தியின் படகும் என் ஸ்டீல் பின்னும்

மூன்று வருடம் இருக்கும். பங்குனி மாதம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். பவானியிலிருந்து மேட்டூர் போகும் வழியில், காவிரிக் கரையோரம் இருக்கிற ஓர் ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் எங்கள் சம்பந்தி வீட்டுக்கு யார் யார் போன் போட்டுச் சிரிப்பார்களோ தெரியாது.

நான் சூலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட், புஷ், பின் என்று கடைசல் வேலை. முப்பது வருடத்தில் நான் கடைந்து கொடுத்த சாமான் உடைந்து திரும்பி வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. விசேஷ வீட்டுக்குப் போனால்கூடப் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் அவர்கள் மோட்டார் ரூமை எட்டிப் பார்த்துவிடுவேன். என் மனைவி இதற்குக் ‘கை அரிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

அதற்கு முந்தைய வருடம்தான் எங்கள் ஒரே பெண்ணை அந்த ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஈரோட்டில் வேலை பார்க்கிறார். அவருடைய அப்பா, அதாவது என் சம்பந்தி, ஆற்றில் படகு ஓட்டுகிறார். அந்த இடத்தில் கதவணை கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால் காவிரி ஏரி மாதிரி அகலமாக நிற்கும். அக்கரைக்கு ரோட்டு வழியாகச் சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம். படகில் பத்து நிமிஷம். அதனால் தறிக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் படகுதான். சம்பந்தியிடம் ஒரு ஃபைபர் படகு, அதன் பின்பக்கம் மாட்டித் தொங்கவிட்ட ஒரு சின்ன எஞ்சின். இருபது வருடமாக ஓட்டுகிறார். தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஒன்றே ஒன்றைத் தவிர. "என்ற படகுல ஏறுன புள்ள ஒண்ணுகூடப் பரீட்சைக்கு நேரந் தவறுனதில்லீங்க" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் முதுகு கொஞ்சம் நிமிரும்.

எங்கள் பக்கத்துச் சம்பந்தி மரியாதை பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ‘ங்க’ போட்டே களைத்துப் போவோம். அதிலும் என் சம்பந்தி ஒரு படி மேலே. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி உப்புப் போட மறந்த ரசத்தை ஊற்றிவிட்டாள். மனிதர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிப் போனார். அப்புறம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அவர் வாயிலிருந்து ‘வேண்டாம்’ என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணைப் பார்க்கப் போனேன். கரையில் படகை ஏற்றி வைத்து எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"சம்பந்தி, பரீட்சை வருது. ஒரு சர்வீஸ் போட்டுரலாமுங்களா?"

"செய்யுங்க சம்பந்தி. உங்க கை பட்டா நல்லதுதானுங்க."

அன்று நான் பார்த்தது நல்ல வேலைதான், பொய் சொல்லவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிளக்கைச் சுரண்டி இடைவெளி சரி பார்த்தேன். கியர் ஆயிலை மாற்றினேன். எஞ்சினுக்குத் தண்ணீர் இழுத்துக் கொடுக்கிற ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருந்தது. அதையும் புதிதாகப் போட்டேன். கடைசியில் புரொப்பல்லரைக் கழற்றியபோது, அதையும் ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பிடிக்கிற குறுக்குப் பின் கையோடு வந்தது. தீக்குச்சி நீளம்கூட இல்லை. பித்தளை. நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுந்துவிடும் போல இருந்தது.

"ஏனுங்க, இது அடிக்கடி உடையுமுங்களா?"

"மாசத்துக்கு ரெண்டு தடவை உடையுமுங்க. பாறையில கீறையில தட்டுனா பட்டுனு போயிருமுங்க."

அதைச் சொன்ன கையோடு, படகின் பலகைக்கு அடியிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்துக் காட்டினார். பால் வாங்குவோமே, அதே எவர்சில்வர் போசி. உள்ளே கிரீஸ் தடவிய பித்தளைப் பின்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு, இரண்டு பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, ஒரு பழைய இம்பெல்லர், பிளக் ஸ்பேனர், கொறடு, உப்புத்தாள் துண்டு. எனக்குச் சிரிப்பாக வந்தது. மாதம் இரண்டு தடவை உடைகிற ஒரு சாமானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருபது வருடம் ஒரு மனிதர் ஓட்டியிருக்கிறார்! எங்கள் ஊரில் ஒரு பின் உடைந்து வந்தால் கடைந்தவன் தலையைக் காட்ட முடியாது.

அடுத்த ஞாயிறே மறுபடி போனேன். சும்மா போகவில்லை. பட்டறையில் கிடந்ததிலேயே உறுதியான ஸ்டீலை எடுத்து, அளவு பார்த்துக் கடைந்து, சூடேற்றி இறுக வைத்து, பளபளவென்று ஒரு பின் கொண்டுபோனேன். துளைக்கு இறுக்கமாக உட்கார வேண்டும் என்று மயிரிழை அளவு கூடுதலாக வைத்துக் கடைந்திருந்தேன். சுத்தியலால் தட்டித்தான் இறக்கினேன். இறங்கி உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டு எனக்கே சந்தோஷம்.

"இனி உங்க காலத்துக்கும் உடையாதுங்க" என்றேன்.

சம்பந்தி பின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "சரிங்க சம்பந்தி" என்றார்.

நான் அத்தோடு விட்டேனா? போசியில் இருந்த பித்தளைப் பின்களை எல்லாம் ஒரு காகிதத்தில் கொட்டிக் குப்பையில் போட்டேன். போசியைக் கழுவி சம்பந்தியம்மாவிடம் கொடுத்து, "இனிமே இதுல பால் வாங்குங்க" என்று வேறு சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி அன்று சூலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான்.

அதற்கப்புறம் பத்து நாள் கழித்து மறுபடி போனேன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் போய், பெண் வீட்டிலேயே தங்கினேன். காலையில் பிள்ளைகள் படகு ஏறும்போது நானும் ஏறிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் சர்வீஸில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற ஆசைதான். எட்டுப் பிள்ளைகள். எல்லாரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் பரீட்சை அட்டையும் கையில் நோட்டுமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பது. பரீட்சை பத்து மணிக்கு. வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பியிருந்தார் சம்பந்தி.

இழுத்த முதல் இழுவையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் கர்வமாக ஒரு பார்வை பார்த்தேன்.

கதவணையில் ஏதோ வேலை என்று நான்கைந்து நாளாகத் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் அடியில் பாறைகள் கிட்டத்தில் வந்திருக்கும். பாதி ஆறு தாண்டியிருப்போம். அடியில் ‘டொம்’ என்று ஒரு சத்தம். படகு ஒரு குலுங்கு குலுங்கியது. அடுத்த நொடியே எஞ்சினுக்குள் கல்லை அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. அப்புறம் எஞ்சின் தனியாக அலறியது. படகு நகரவில்லை. சம்பந்தி உடனே அணைத்துவிட்டு எஞ்சினைத் தூக்கிச் சாய்த்தார்.

வழக்கமாக இந்த மாதிரி ஆனால் என்ன நடக்கும் என்பதை எனக்கு அப்புறம் சொன்னார்கள். பித்தளைப் பின் இரண்டாக உடையும். புரொப்பல்லர் சும்மா சுற்றும். சம்பந்தி எஞ்சினைச் சாய்த்து, போசியிலிருந்து ஒரு பின்னை எடுத்து மாட்டுவார். ஐந்து நிமிஷம். பிள்ளைகள் நோட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள்.

அன்று நான் குனிந்து பார்த்தேன். என் பின் முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை, கடைந்த அன்று போலவே மின்னியது. ஷாஃப்ட் வளைந்திருந்தது. கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து தண்ணீர் மேல் பரவிக்கொண்டிருந்தது. சம்பந்தி புரொப்பல்லரைக் கையால் திருப்பினார். உள்ளே பல் உடைந்த கியர் நறநறவென்றது. முப்பது வருட லேத்துக்காரனுக்கு விளக்கம் வேண்டுமா? பாறையில் பட்ட அடியை அந்தப் பின் வாங்கி உடைந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அதைப் பித்தளையில் போடுகிறார்கள். நான் அதை உடைய விடவில்லை. அடி நேராகக் கியருக்குப் போய்விட்டது.

என் முகத்தைச் சம்பந்தி பார்த்தார். பலகைக்கு அடியிலிருந்து இரண்டு துடுப்புகளை இழுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"போடுங்க சம்பந்தி. போயிரலாமுங்க."

நான் துடுப்புப் போட்ட அழகில் படகு செக்குமாடு மாதிரி வட்டம் சுற்றியது. காற்றும் எதிர்க்காற்று. ஒரு பெண் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி, எலும்பும் தோலுமாக இருப்பாள், நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"மாமா, நீங்க உக்காருங்க. குடுங்க இங்க. நீங்க தள்ளுனா அடுத்த வருசப் பரீட்சைக்குத்தான் போவோம்."

அந்த நேரத்திலும் நாலு பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைத் துடுப்புப் போட வைத்துவிட்டு, நான் மிதவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மணி ஒன்பது இருபத்தைந்து. அக்கரை அப்படியே தூரத்தில் நின்றது.

அக்கரையிலும் ஒருவர் படகு ஓட்டுகிறார், எங்கள் சம்பந்திக்குப் போட்டிக்காரர். நல்லவேளையாக அவர் கரையில் நின்றிருந்தார். சம்பந்தி துண்டைக் கழற்றி வீசி வீசிக் காட்டினார். அவர் தன் படகில் இருந்தவர்களை இறக்கிவிட்டு நேராக எங்களிடம் வந்தார். வந்ததும் கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங்ணா, பின்னுதான போயிருக்கும்? போசியில எடுத்து மாட்டறதுக்கு என்னங்ணா?"

சம்பந்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

"எஞ்சினுக்கு வயசாயிப்போச்சுங்க. புள்ளைங்கள மொதல்ல ஏத்திக்குங்க" என்றார்.

பிள்ளைகள் படகு மாறி ஏறினார்கள். அக்கரையில் இறங்கி அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடியதை நாங்கள் நடு ஆற்றிலிருந்து பார்த்தோம். மணி பத்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. எட்டுப் பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று போன் வருகிறவரை சம்பந்தி துடுப்பைத் தொடவில்லை. போன் வந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வியர்வை மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன?

சாயங்காலம் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நாலைந்து பேர் சம்பந்தி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். சண்டைக்கு வரவில்லை, எங்கள் பக்கத்தில் சண்டையும் ‘ங்க’ போட்டுத்தான். ஆனால் அந்த ‘ங்க’ சம்மட்டியால் அடிக்கிற மாதிரி இருந்தது. "பரீட்சை நேரத்துல எஞ்சினைப் பாத்து வெச்சிருக்க வேண்டாமுங்களா? இருவது வருசம் உங்கள நம்பித்தானுங்க அனுப்பிச்சோம்" என்றார் ஒரு அம்மா. சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்புத்தானுங்க. நான் பாத்திருக்கோணுமுங்க" என்றார். இருபது வருடத்துப் பெயர், அவர் முதுகை நிமிர்த்திச் சொல்கிற அந்த ஒற்றைப் பெருமை, என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை அவரே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"அவர் மேல தப்பில்லீங்க" என்று எழுந்தேன். "எஞ்சின் நல்லா இருந்துச்சுங்க. நான்தான் கை வெச்சுக் கெடுத்துப்போட்டேன். பித்தளை போட வேண்டிய எடத்துல ஸ்டீலைப் போட்டு, அவர் வெச்சிருந்த பின்னையெல்லாம் குப்பையில கொட்டிப்போட்டேன். வையறதா இருந்தா என்னைய வையுங்க."

வெளியூர்ச் சம்பந்தியை யார் வைவார்கள்? ஆனால் உள்ளேயிருந்து என் பெண் வந்தாள். அவளுக்கு அந்த மரியாதை எல்லாம் தேவையில்லை.

"ஏப்பா, யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டவள், மூச்சு விடாமல் மாமனார் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமுங்களா மாமா, அது தப்புன்னு?"

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். "தெரியுமுங்க அம்மணி."

"பின்ன ஏனுங்க சொல்லல?"

"பொண்ணக் குடுத்தவங்க. அவ்வளவு ஆசையாச் செஞ்சு கொண்டாந்தாங்க. எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?" என்றவர், மெதுவாகச் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பித்தளைப் பின்னை எடுத்தார். நான் குப்பையில் கொட்டியதில் ஒன்று. "நீங்க ஊருக்குப் போனதும் இதை மாத்திப்போடலாம்னு பாத்தேனுங்க. மூணு நாள் தட்டிப் பாத்தேன். உங்க பின்னு வரலீங்க சம்பந்தி. அவ்வளவு நல்லாப் போட்டிருக்கறீங்க."

அதில் கிண்டல் துளியும் இல்லை. நிஜமான பாராட்டு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. என் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் மரியாதை குடுத்து மரியாதை குடுத்து எட்டுப் புள்ளைங்க வருசத்தை ஆத்துல விட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வந்திருந்தவர்களில் ஒருவர், "விடுங்க, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று என் தோளைத் தட்டினார். மறுநாளிலிருந்து மீதிப் பரீட்சைக்கு யார் படகில் அனுப்புவது என்று அவர்கள் பேசவே இல்லை. படகு சரியாகிறவரை அக்கரைக்காரர் படகு, கூடவே எங்கள் சம்பந்தியும் போவார் என்று தானாக முடிவாகிவிட்டது.

அன்றிரவே சூலூர் திரும்பி, மறுநாள் விடியற்காலையில் போத்தனூரில் ரயில் ஏறிக் கொச்சிக்குப் போனேன். அந்தக் கியர் எங்கள் பக்கத்தில் கிடைக்காது. ஷாஃப்ட்டும் கியரும் வாங்கி வந்து, நாலாம் நாள் எஞ்சினை ஓட விட்டோம். இந்தத் தடவை நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன், அவர் மாட்டினார்.

அடுத்த மாதம் போகும்போது பித்தளையில் ஐம்பது பின் கடைந்து எடுத்துப் போனேன். அதோடு, உதிரிச் சாமான் வைக்க அறை அறையாகத் தடுத்து, மூடிக்கு ரப்பர் வைத்து, தகரத்தில் நானே ஒரு பெட்டியும் செய்திருந்தேன். கை சும்மா இருக்குமா?

சம்பந்தி ஒரு பின்னை எடுத்து ஷாஃப்ட் துளையில் விட்டுப் பார்த்தார். பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தூரத்தில் என் பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி" என்றார். "பின்னு கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்க. அரத்துல ராவிக் கொண்டாந்தீங்கன்னா நல்லா இருக்கும். பெட்டி வேண்டாமுங்க. நடு ஆத்துல ஈரக் கையில இந்த மூடி தொறக்காதுங்க."

சொல்லிவிட்டு, ஏதோ கொலைக்குற்றம் செய்தவர் போல என் முகத்தைப் பார்த்தார். நான் பெட்டியை வாங்கிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கல்யாணத்தன்று தாரை வார்த்துக் கொடுத்தபோதுகூட அப்படி மனசு நிறையவில்லை. ஐம்பது பின்னையும் ராவிக்கொண்டு அடுத்த வாரமே போனேன். அதிலும் ஏழெட்டைச் சரியில்லை என்று தள்ளிவிட்டார்.

இப்போதெல்லாம் நான் எதைக் கொண்டுபோனாலும் பாதியை வேண்டாம் என்று திருப்பித் தருகிறார். பெண்ணைப் பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டாலும், அந்த மனிதர் வாயால் இன்னும் இரண்டு ‘வேண்டாம்’ கேட்டுவிட்டு வரத்தான் மாதாமாதம் பஸ் ஏறுகிறேன்.